பிக்-அப்பில் கம்ப்ரசர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் சேந்தமங்கலம் பக்கம். கீழே இரண்டரை ஏக்கரில் மரவள்ளி. கொல்லிமலையில் குத்தகைத் தோட்டத்தில் மிளகும் வாழையும் இருக்கின்றன. போன வருடம் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்-அப் ஒன்று வாங்கினேன். மழைக்காலத்தில் தார் ரோட்டிலிருந்து தோட்டம் வரை சேறு. டயரில் காற்றைக் குறைத்தால் வண்டி ஏறிவிடுகிறது. ஆனால் பஞ்சர் கடை கண்ணில் படும் வரை குறைந்த காற்றோடுதான் வரவேண்டும். ஒருமுறை அப்படியே மலை இறங்கியதில் முன் டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விட்டுவிட்டது. வண்டியிலேயே கம்ப்ரசர் வைத்துக்கொள், 150 பி.எஸ்.ஐ., 300 பி.எஸ்.ஐ. என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கு என்கிறார் மச்சான். அந்தக் காசுக்கு டயரே வாங்கலாமே என்கிறார்கள் வீட்டில். எது சரி? வாங்கினால் எங்கே, எப்படிப் பொருத்துவது? வீட்டில் டிராக்டரும் இருக்கிறது.

பதில்: கம்ப்ரசர் வேண்டும் என்று மச்சான் சொன்னது சரி. பெரிய பி.எஸ்.ஐ. பார்த்து வாங்கச் சொன்னதுதான் சரியில்லை.

முதலில் அந்த வெடிப்பு ஏன் வந்தது என்பது. காற்று குறைந்த டயர் தரையில் அகலமாகப் படியும். சேற்றிலும் மணலிலும் பிடிப்புக் கிடைப்பது அதனால்தான். அதே டயர் தார் ரோட்டில் ஓடும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கவாட்டுச் சுவர் மடங்கி நிமிர்கிறது. மடங்க மடங்கச் சூடு ஏறி, உள்ளே இருக்கும் நூல் அடுக்கு தளர்ந்துவிடும். காரவள்ளி வழியாக இறங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பாரம் முழுவதும் வெளிப்பக்க முன் டயரில் சாய்கிறது. பின்னால் வாழைத்தார் ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். டியூப்லெஸ் டயர் என்றால் ரிம்மை விட்டே விலகிவிடலாம். பக்கவாட்டில் விட்ட வெடிப்புக்கு ஒட்டுப் போட்டு ஓட்டவும் கூடாது. அந்த டயர் போனதுதான். ஆகவே சேறு முடிந்து தார் தொடங்கும் இடத்தில், முதல் வளைவுக்கு முன்பே, காற்றுப் பிடித்தாக வேண்டும். கால் பம்ப்பில் முடியாதா என்றால் முடியும். ஒரு டயருக்கு நூறு, நூற்றைம்பது மிதி ஆகும். நான்கு டயரையும் மழையில் நின்று மிதித்துப் பார்த்தவர்கள் அடுத்த முறை மிதிப்பதில்லை, அப்படியே இறங்கிவிடுகிறார்கள்.

கம்ப்ரசர் என்ற சொல்லுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. கிணறு வெட்டும்போது பாறையில் குழி போட டிராக்டரில் மாட்டி வருவதும் கம்ப்ரசர், போர் தண்ணீரைக் காற்றால் தள்ளி மேலே கொண்டுவருவதும் கம்ப்ரசர். திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுக்கப் போகும் ரிக் லாரிகளின் உயிரே கம்ப்ரசர்தான். ரிக் கம்ப்ரசரைப் பேசும்போது ஓட்டுநர்கள் இரண்டு எண்ணைச் சேர்த்துத்தான் சொல்வார்கள்: நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று, எவ்வளவு அழுத்தம். அழுத்தம் மட்டும் இருந்து காற்றின் அளவு போதாவிட்டால், உடைத்த கல்தூள் குழியை விட்டு மேலே வராது. டயருக்கும் கணக்கு இதேதான்.

பிக்-அப் டயருக்கு 30 முதல் 45 பி.எஸ்.ஐ.க்குள் போதும். இதைத்தான் பஞ்சர் கடையில் 'பாயின்ட்' என்கிறார்கள். 150 தரும் கம்ப்ரசரும் 300 தரும் கம்ப்ரசரும் இந்த வேலைக்கு ஒன்றுதான். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளுகிறது என்பதுதான் வித்தியாசம். 15 அங்குல ரிம் உள்ள ஜீப், பிக்-அப் டயருக்குள் 50 முதல் 60 லிட்டர் இடம் இருக்கும். 18 பாயின்ட்டிலிருந்து 32-க்கு ஏற்ற, டயர் ஒன்றுக்குச் சுமார் 50 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். நான்குக்கும் 200 லிட்டருக்குச் சற்று மேல். பெட்டியில் 35 லிட்டர் என்று போட்ட கம்ப்ரசர், அழுத்தம் ஏற ஏற அந்த 35-ஐத் தராது. 30 பாயின்ட்டில் இருபது, இருபத்திரண்டு லிட்டர் தந்தால் நல்லது. அப்படியானால் பத்து நிமிட ஓட்டம். 70 லிட்டர் ரகம் நாலைந்து நிமிடத்தில் முடிக்கும். சில பெட்டிகளில் கன அடிக் கணக்கு இருக்கும். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்.

பத்து நிமிடம் காத்திருந்தால் என்ன என்று தோன்றலாம். காத்திருப்பது மனிதருக்குச் சிரமமில்லை, மோட்டாருக்குத்தான் சிரமம். இந்தச் சிறிய கம்ப்ரசர்கள் இடைவிடாமல் ஓடச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனை நிமிடம் ஓடலாம், எத்தனை நிமிடம் ஆற வேண்டும் என்று உள்ளே இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள். 33 சதவீதம் என்றிருந்தால், அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் ஓடலாம், இருபது நிமிடம் ஓய்வு. பலர் தூக்கிப் போடும் அந்தத் தாளைக் கடையிலேயே பிரித்துப் படிப்பது நல்லது. ஓட்ட நேரத்தைப் போடாத கம்ப்ரசரை வாங்காமல் இருப்பதே மேல். சூடானால் தானே நின்று, ஆறியபின் ஓடும் பாதுகாப்பு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இந்த வாசகருக்கு 60 முதல் 80 லிட்டர் ரகம், 12 வோல்ட், சுமார் 30 ஆம்பியர் இழுப்பது போதும். இரட்டை சிலிண்டர் உள்ள பெரிய ரகங்கள் 50 ஆம்பியர் வரை இழுக்கும். ஆஸ்திரேலியாவில் பாலைவனப் பயணம் போகிறவர்கள் அவற்றை வைத்துக்கொள்கிறார்கள்; அங்கே சிலர் பின் ஆக்ஸில் டிஃபரன்ஷியலைப் பூட்டுவதற்கும் அதே காற்றைப் பயன்படுத்துவார்கள். மிளகு மூட்டை ஏற்றும் வண்டிக்கு அது வேண்டியதில்லை.

அடுத்தது மின்சாரம். கம்ப்ரசர் கெட்டுப்போனது என்று திரும்பி வருவதில் பல, உண்மையில் ஒயர் போதாமல் திணறியவைதான்.

டாஷ்போர்டில் இருக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டலாமே என்று கடையில் சொல்வார்கள். அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்பியர்தான். 30 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரசரை மாட்டினால் ஃபியூஸ் போகும். போன ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸோ செம்புக் கம்பியோ போட்டால், அடுத்து எரிவது டாஷ்போர்டுக்குள் ஓடும் மெல்லிய ஒயர். வண்டி தீப்பிடிப்பது இப்படித்தான். சாக்கெட்டில் மாட்டுவது 10 ஆம்பியர் இழுக்கும் சின்னக் கம்ப்ரசருக்கு மட்டும்.

பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். எவ்வளவு தடிமன்? வீட்டு வேலைக்கு வாங்கி மிச்சமான 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் கையில் இருக்கும். 230 வோல்ட்டில் அது நன்றாகவே வேலை செய்திருக்கும். 12 வோல்ட்டில் கதை வேறு. பேட்டரியிலிருந்து சீட்டுக்கு 3 மீட்டர் என்றால் போகவர 6 மீட்டர். 30 ஆம்பியர் ஓடும்போது 2.5 ஒயரில் ஒன்றேகால் வோல்ட் தொலைந்துவிடும். 12-ல் பத்தில் ஒரு பங்கு. 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரில் அரை வோல்ட்தான் குறையும், 10-ல் மூன்றில் ஒரு பங்கு வோல்ட்கூடக் குறையாது. வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், நேரம் நீளும், சூடு கூடும். ஆகவே குறைந்தது 6, முடிந்தால் 10. ஆடியோ ஆம்ப்ளிஃபயருக்கு விற்கும் தடித்த ஒயரில் செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியமும் வருகிறது. முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரிந்துவிடும்.

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தாக வேண்டும். ஃபியூஸ் கம்ப்ரசர் பக்கத்தில் இருந்தால் போதாதா என்றால், போதாது. நடுவில் எங்காவது ஒயர் உரசித் தகரத்தைத் தொட்டால், பேட்டரியின் முழு வேகமும் அந்த இடத்தில் இறங்கும். பேட்டரி பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ்தான் அப்போது காப்பாற்றும். இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் போடாமல் ஒயரை இழுக்கவே கூடாது. சைலன்சர் பைப், டர்போ பக்கம் போகாமல் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு முழத்துக்கு ஒரு கிளிப் போட வேண்டும். சுவிட்ச் வைப்பதானால் ரிலே வழியாக. சாதாரண ஹாரன் ரிலே 30 ஆம்பியர் ரகம்தான் பெரும்பாலும் கிடைக்கும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதைவிடக் கூடுதலாக இழுக்கும், அதனால் 60 ஆம்பியர் ரிலே கேட்டு வாங்கலாம். மைனஸ் ஒயரும் அதே தடிமனில் பேட்டரி வரை போகட்டும். பெயின்ட் அடித்த போல்ட்டில் எர்த் கொடுத்தால் பாதி நாள் வேலை செய்யும், பாதி நாள் செய்யாது.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. இன்ஜின் ஓட, கம்ப்ரசர் ஓட, மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்து வோல்ட் பார்க்க வேண்டும். பிறகு கம்ப்ரசர் முனைகளில். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒயரோ இணைப்போ சரியில்லை. ஐந்து நிமிடம் கழித்து ஒயரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம், கை சுடக் கூடாது.

இப்போது, எங்கே பொருத்துவது? இந்த வாசகரிடம் டிராக்டரும் இருப்பதால், ஒயரை மட்டும் நிலையாகப் பொருத்திவிட்டு, கம்ப்ரசரைக் கழற்றி எடுக்கும்படி வைப்பதே நல்லது. பேட்டரியிலிருந்து வரும் ஒயரைச் சீட்டுக்குப் பின்னால் 50 ஆம்பியர் தாங்கும் கனத்த பிளக்கில் முடித்துவிடலாம். கம்ப்ரசர் ஒரு பெட்டிக்குள் இருக்கும். வேண்டும்போது பிளக்கைக் குத்தினால் போதும். டிராக்டரும் 12 வோல்ட்தான். முதலை கிளிப் போட்ட இன்னொரு ஒயர் வைத்துக்கொண்டால் அங்கேயும் உதவும். இரவில் வண்டி வெளியே நிற்கும் வீட்டில், பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்ளவும் முடியும். தினமும் காற்றைக் குறைத்து ஏற்றும் தேவை உள்ளவருக்கே நிலையாக போல்ட் போட்டு வைப்பது லாபம். அப்படி வைப்பவர்கள் இன்ஜின் அறையில் சூடு படாத உயரமான மூலையைத் தேட வேண்டும். காற்று இழுக்கும் ஃபில்டர், ஓடைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

பின்னால் லோடு ஏற்றும் தட்டில் மட்டும் வைக்க வேண்டாம். நாமக்கல் வட்டாரத்துப் பிக்-அப்பில் என்றைக்காவது கோழி எரு ஏறாமல் இருக்காது. எருத்தூள் ஃபில்டரை அடைக்கும். எருவிலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். மோட்டாரின் சுருளும் டெர்மினலும் செம்பு, குழாய் இணைப்புகள் பித்தளை.

கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் காற்று சுடும். கூடவே வந்த, எஃகு வலை போர்த்திய ஹோஸை மாற்றக் கூடாது. நீளம் போதவில்லை என்று பவர் ஸ்பிரேயர் ஹோஸை நேராக மாட்டுகிறார்கள். அது அழுத்தம் தாங்கும், சூடு தாங்காது. இணைப்பு இளகிக் கழன்றுவிடும். நீளம் வேண்டுமானால் எஃகு வலை ஹோஸ் முடிந்த இடத்திலிருந்து ஏர் ஹோஸ் சேர்க்கலாம். நான்கு டயரையும் எட்ட 6, 7 மீட்டர் வேண்டும்.

காற்றைச் சேர்த்துவைக்க டேங்க் தேவையா? டயருக்குத் தேவையில்லை. ஃபில்டர் ஊத வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், சேஃப்டி வால்வும் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகும் உள்ள காற்று டேங்க்கையே வாங்க வேண்டும். பழைய கேஸ் சிலிண்டர், தீயணைப்புக் கருவி, மருந்தடிக்கும் டேங்க் இவற்றில் வால்வு பற்றவைத்துக் காற்று ஏற்றுவது வெடிகுண்டைச் சீட்டுக்கடியில் வைப்பதற்குச் சமம். உள்ளே ஈரம் தங்கித் துரு பிடிப்பது வெளியே தெரியாது. பழைய காரின் ஏ.சி. கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட்டில் மாட்டிக் காற்று எடுக்கும் வேலையும் ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. காற்று நிறையவே வரும். ஆனால் அதற்கு எண்ணெய் ஏ.சி. வாயுவோடு சேர்ந்துதான் வந்துகொண்டிருந்தது. வெறும் காற்றில் ஓடினால் எண்ணெய் காய்ந்து ஜாம் ஆகும். எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தால் அது டயருக்குள் போய் ரப்பரைக் கெடுக்கும்.

இனி ஓட்டும் முறை. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வெறும் வண்டிக்கும் பாரத்துக்கும் தனித்தனிப் பாயின்ட் இருக்கும். அதுதான் சட்டம். சேற்றில் வெறும் வண்டியாக ஏறும்போது 18, 20 வரை குறைக்கலாம். வேகம் 20, 25-ஐத் தாண்டக் கூடாது. தோட்டத்தில் தார் ஏற்றிய பிறகு அதே 18-ல் வெளியே வர நினைக்கக் கூடாது. பாரம் ஏற்றும் முன்பே பின் டயர்களை 28, 30-க்குக் கொண்டுவந்துவிட்டு, தார் ரோட்டில் முழுசாக ஏற்றலாம். நான்கு டயரும் சொன்ன அளவுக்கு வந்ததும் ஃபோர் வீல் லிவரை டூ வீலுக்கு மாற்றியே இறங்க வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டபடி, அதுவும் முன்னும் பின்னும் காற்று வித்தியாசத்தோடு திருப்பினால், முறுக்கு முழுவதும் கியர் பெட்டியில் ஏறும். காற்றுப் பிடிக்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும். பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் சிறியது, ஹெட்லைட்டையும் ஏ.சி.யையும் நிறுத்திவிடுவது நல்லது.

ஒரு சின்ன விஷயம். மேலே 32 வைத்துவிட்டு இறங்கியவர்கள் கீழே கடையில் 30 காட்டுகிறதே, மீட்டர் பொய்யா என்பார்கள். பொய்யில்லை. மலை மேல் சுற்றுக்காற்றின் அழுத்தம் குறைவு. கீழே இறங்கியதும் அது கூடி, மீட்டரில் ஒன்றரை, இரண்டு பாயின்ட் குறைத்துக் காட்டும். டயர் சூடாக இருந்தால் அதுவும் தெரியாது.

வீட்டில் கேட்ட கேள்விக்கு: இந்த ரகக் கம்ப்ரசர், ஒயர், ஃபியூஸ், பிளக் எல்லாம் சேர்த்து, பெரும்பாலும் இந்த வண்டியின் டயர் ஒன்றின் விலையை ஒட்டி வரும். ஏற்கெனவே ஒரு டயர் போயிருக்கிறது.

கேள்வி: டிராக்டர் பின் டயரில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பியிருக்கிறோம். சின்னக் கம்ப்ரசரில் காற்றுப் பிடிக்கலாமா? (ராசிபுரம் வாசகர்)

பதில்: பிடிக்கலாம், வால்வு நேர் மேலே இருக்க வேண்டும். டயரைச் சுழற்றி, வால்வைப் பன்னிரண்டு மணி இடத்துக்குக் கொண்டுவராமல் மாட்டினால், தண்ணீர் ஹோஸ் வழியாக மீட்டருக்குள்ளும் கம்ப்ரசருக்குள்ளும் வந்துவிடும். 13.6-28 போன்ற பின் டயரில் மொத்தம் சுமார் 200 லிட்டர் இடம் உண்டு. முக்கால் தண்ணீர் போனால் காற்றுக்கு மிச்சம் 50 லிட்டர்தான். அதனால் அழுத்தம் சட்டென்று ஏறும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மீட்டர் பார்க்க வேண்டும். உழவு வயலில் பின் டயருக்கு 12 முதல் 14 பாயின்ட் பெரும்பாலான கம்பெனிப் புத்தகங்களில் இருக்கும். டயர் மண்ணை அழுத்தும் வேகம் ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அளவேதான். சாலைக்கு 20 வைத்ததை அப்படியே வயலில் இறக்கினால், அந்தத் தடத்தில் மண் இறுகி, அடுத்த போகத்தில் மரவள்ளிக் கிழங்கு கீழே இறங்க முடியாமல் நிற்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ஊருக்கு வரும்போது லாரி ஏர் டேங்க்கிலிருந்தே எங்கள் டிரெய்லருக்குக் காற்றுப் பிடிப்பார். சில நேரம் காற்று வருவதேயில்லை. பிரேக்குக்குக் கெடுதலா? (நாமக்கல் வாசகி)

பதில்: பல லாரிகளில் அதற்கென்றே அன்லோடர் வால்வில் ஹோஸ் மாட்டும் இடம் உண்டு. டேங்க் நிறைந்து, 7, 8 பார் வந்து அன்லோடர் திறந்துவிட்டால் அந்த வழியில் காற்று வராது. இன்ஜின் ஓட, பிரேக்கை நாலைந்து முறை மிதித்து டேங்க் அழுத்தத்தைக் குறைத்தால் மறுபடி வரும். டேங்க்கில் தங்கிய தண்ணீரையும் எண்ணெயையும் முதலில் வடித்துவிட வேண்டும். பிடித்து முடித்ததும் அழுத்த மீட்டர் முழுசாக ஏறி, எச்சரிக்கை பஸர் நின்ற பிறகே லாரியை நகர்த்த வேண்டும். அந்தக் காற்று நூறு பாயின்ட்டுக்கு மேல் வருவதால், மீட்டர் இல்லாமல் டிரெய்லரில் பிடிக்கக் கூடாது. டிரெய்லர் வீல் லாக் ரிங் ரகமாக இருந்தால், வளையம் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, ரிங் இருக்கும் பக்கத்தைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்தோ சங்கிலி சுற்றியோ பிடிக்க வேண்டும். ஹோஸ் நீளமாக இருக்கட்டும். பிடிப்பவர் டயருக்கு நேர் எதிரே குனிந்திருக்காமல் பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும், குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.